என்எம்ஆர் கூடத்துக்கு முதல் மாதிரி கொடுப்பது எப்படி?

நிறமாலை தெளிவாக வருவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் மாதிரி நம் கையில் இருக்கும்போதே முடிவாகிவிடும். என்எம்ஆர் (கருக்காந்தப் பரிவு) கூடத்தில், அதாவது வலிய காந்தத்துக்குள் மாதிரியை வைத்து அதன் கட்டமைப்பை அறியும் இடத்தில், இயந்திரத்தை இயக்குபவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், குழாய்க்குள் மிதக்கும் தூசியையும் மிஞ்சிய எதைல் அசற்றேற்று என்ற கரைப்பானையும் அவரால் எடுத்துவிட முடியாது. கொழும்பில் முதன்முறை மாதிரி கொடுக்கப்போகும் இறுதியாண்டு, எம்.பில். மாணவர்களுக்காக இதை எழுதுகிறோம். வழமையான புரோத்தன், காபன்-13 சோதனைகள் இரண்டும்தான் இங்கே பேச்சு.

1. எவ்வளவு நிறுக்க வேண்டும்?

மூலக்கூற்றுத் திணிவு 500க்குள் இருக்கும் சேர்வைக்குப் புரோத்தன் நிறமாலை எடுக்க 5 முதல் 10 மி.கி. போதும். அள்ளிப் போட்டால் கரைசல் தடித்து, பீக்குகள் (நிறமாலையின் முகடுகள்) அகன்றுவிடும். காபனுக்கு 30 முதல் 50 மி.கி. கொடுங்கள். இயற்கைக் காபனில் காபன்-13 வெறும் 1.1 சதவீதம். சமிக்ஞையின் தெளிவு ஸ்கேன் (திரும்பத் திரும்ப எடுக்கும் அளவீடு) எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுவதால், பாதியளவு மாதிரிக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். கட்டணம் மணிக்கணக்கில் என்றால் அந்த வித்தியாசம் உங்கள் பணம்.

2. கரைப்பான்

கரைந்தால் டியூட்டீரியக் குளோரோபோம்தான் (ஐதரசனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ளது) எங்கள் முதல் தெரிவு: விலை குறைவு, மாதிரியை மீட்பதும் எளிது. ஆறிய சாதாரணக் குளோரோபோமில் முதலில் ஒரு துணுக்கைக் கரைத்துப் பாருங்கள். சூடாக்கினால் மட்டும் கரைவது காந்தத்துக்குள் மறுபடி படிந்துவிடும்.

பழைய குளோரோபோம் போத்தலில் சிறிது அமிலம் சேர்ந்திருக்கும். அசற்றால் போன்ற அமிலம் தாங்காத தொழிற்பாட்டுக் கூட்டங்கள் அதில் சிதையும். பாஸ்டர் பிப்பெற்றில் இரண்டு செ.மீ. உயரத்துக்குக் கார அலுமினா நிரப்பி, கரைப்பானை அதன் வழியே விட்டுப் பயன்படுத்துங்கள்.

டிஎம்எஸ்ஓ (இருமெதைல் சல்பொட்சைட்டு) எல்லாவற்றையும் கரைக்கும் என்பதற்காக அதற்கு ஓடாதீர்கள். கொதிநிலை 189 பாகை செல்சியஸ். மாதிரியை மீட்பது பெரும்பாடு. ஈரத்தையும் இழுக்கும்.

3. உலர்த்தல்

தொடக்கநிலை மாணவர்களின் நிறமாலைகள் அதிகம் கெடுவது இந்தப் படியில்தான். தூய்மையாக்கும் நிரலிலிருந்து (கொலம்) வந்த சேர்வை கண்ணுக்கு உலர்ந்த தூளாகத் தெரியும், தராசும் நிலையாக நிற்கும். ஆனால் நிறமாலையில் 1.26, 2.05, 4.12 பிபிஎம்மில் (நிறமாலையின் கிடை அளவு) எதைல் அசற்றேற்று நெடிதாக நிற்கும். காரணம் எளிய கணக்கு. மூலக்கூற்றுத் திணிவு 300 உள்ள சேர்வை 10 மி.கி. என்றால் 33 மைக்ரோமூல். அதில் ஒளிந்திருக்கும் 1 மி.கி. எதைல் அசற்றேற்று 11 மைக்ரோமூல். நிறையில் பத்தில் ஒன்றாக இருப்பது, நிறமாலையில் உங்கள் மெதைல் பீக்கின் மூன்றிலொரு பங்கு பரப்போடு வந்து நிற்கிறது.

வழி இதுதான். உலர்ந்த மாதிரியில் ஒன்றிரண்டு மி.லீ. இருகுளோரோமெதேன் விட்டுக் கரைத்து, ரோட்டாவப்பில் (சுழல் ஆவியாக்கி) ஆவியாக்குங்கள். இதை மூன்று தடவை செய்யுங்கள். இருகுளோரோமெதேன் 40 பாகையிலேயே கொதிப்பதால், போகும்போது மற்றக் கரைப்பானையும் இழுத்துச் செல்லும். கொஞ்சம் மிஞ்சினாலும் 5.30இல் ஒற்றைப் பீக் மட்டும்தான். பிறகு வெற்றிடப் பம்பியில் சில மணிநேரம், முடிந்தால் ஓர் இரவு விடுங்கள். எளிதில் ஆவியாகும் எண்ணெய்களைப் பம்பியில் போட வேண்டாம், சேர்வையே போய்விடும்.

அடுத்த எதிரி கொழும்பின் காற்று. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கரைப்பான் போத்தலை உடனே திறந்தால் ஈரம் உள்ளே படியும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வைத்திருங்கள். நீரின் பீக் குளோரோபோமில் 1.56இல் வரும், டிஎம்எஸ்ஓவில் 3.33இல் வரும். பின்னையது மெதொட்சி, சர்க்கரைப் பீக்குகள் நிற்கும் பகுதிக்குள் விழுவதால் கிளைக்கோசைட்டு ஆய்வு செய்பவர்களுக்குப் பெரிய தொல்லை. டிஎம்எஸ்ஓவைப் பெரிய போத்தலாக வாங்குவதை விட, ஒரு மாதிரிக்கு ஒன்றென உடைக்கும் சிறு கண்ணாடி அம்பூல்களாக வாங்குவதே இந்த ஊருக்குச் சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. விலை கூடத்தான், ஆனால் பாதிப் போத்தலை ஈரமென்று ஒதுக்குவதை விட அது இலாபம்.

4. வடித்து நிரப்புதல்

சிறிய கண்ணாடிக் குப்பியில் 0.6 மி.லீ. கரைப்பானில் மாதிரியைக் கரையுங்கள். பிளாஸ்டிக் குப்பி வேண்டாம். குளோரோபோம் அதிலிருந்து தலேற்று என்ற பிளாஸ்டிக் சேர்மானத்தைக் கரைத்தெடுக்கும். கரைசல் தெளிவாகத் தெரிந்தாலும் வடியுங்கள். பாஸ்டர் பிப்பெற்றின் கழுத்தில் சிறிதளவு கண்ணாடிப் பஞ்சை அடைத்து, நேராக என்எம்ஆர் குழாய்க்குள் விடலாம். கரையாத துணிக்கை ஒன்றிருந்தாலும் அதைச் சுற்றிக் காந்தப்புலம் சீர்குலையும், பீக்குகள் அகலும்.

5 மி.மீ. குழாயில் கரைசல் 4 முதல் 4.5 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். அளவுகோலை வைத்துப் பாருங்கள். குறைந்தால் திரவ மேற்பரப்பு, சமிக்ஞையைப் பிடிக்கும் சுருளுக்கு அருகில் வந்து புலத்தைச் சீர்செய்ய முடியாமல் போகும். கூடினால் மாதிரி வீணாக நீர்த்துவிடும். வெடித்த, வளைந்த குழாய்களை இரக்கமின்றி எறியுங்கள். அவற்றில் ஒன்று இயந்திரத்துக்குள் உடைந்தால் மற்ற எல்லோரின் வேலையும் நின்றுவிடும்.

குழாயைச் சுற்றிக் காகித லேபல் ஒட்ட வேண்டாம். சுழலும்போது சமநிலை தவறும். மூடிக்குக் கீழே அழியாத மையால் குறியீட்டை எழுதுங்கள்.

5. படிவம்

குறியீடு, கரைப்பான், மி.கி. அளவு, வேண்டிய சோதனை, எதிர்பார்க்கும் கட்டமைப்பு, நச்சுத்தன்மை எல்லாவற்றையும் நிரப்புங்கள். 12 பிபிஎம்முக்கு மேல் பீக் எதிர்பார்த்தால், உதாரணமாக மூலக்கூற்றுக்குள்ளேயே ஐதரசன் பிணைப்பில் இருக்கும் ஓஎச் கூட்டம் என்றால், அதையும் குறிப்பிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் காந்த அறைக்குள் போகவே கூடாது. வங்கி அட்டையையும் வெளியே வைத்துவிடுங்கள்.

உங்கள் கைப்பழக்கத்தைச் சோதிக்க நல்ல மாதிரி நம் நாட்டுக் கறுவாப்பட்டை எண்ணெய். பிப்பெற் நுனியில் ஒட்டும் சிறு துளி போதும். அதன் முக்கிய சேர்வையான சின்னமல்டிகைட்டின் அல்டிகைட்டுப் புரோத்தன் 9.7 பிபிஎம் அருகே இரட்டையாக வரும். இரட்டைப் பிணைப்பின் இரு புரோத்தன்களுக்கிடையே 16 ஹேர்ட்ஸ் பிணைப்பு மாறிலி (பீக் பிளவின் இடைவெளி) தெரிந்தால் அது திரான்ஸ் சமபகுதியம். இலை எண்ணெய் என்றால் 3.9 அருகே இயூஜினோலின் மெதொட்சி பீக் நிற்கும். பட்டை எண்ணெயில் அது பெரிதாகத் தெரிந்தால் கலப்படத்தையும் சந்தேகிக்கலாம்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதிலிருந்து

யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து கூரியரில் அனுப்புவோர் கரைத்து அனுப்ப வேண்டாம். தூளாகவே, கண்ணாடிக் குப்பியில் அனுப்புங்கள். கரைப்பானை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

தரவைப் பிடிஎஃப் ஆக மட்டும் வாங்காதீர்கள். புரூக்கர் இயந்திரமென்றால் எண்ணிட்ட கோப்புறையை முழுதாக ஸிப் செய்து கேளுங்கள். எஃப்ஐடி (மூலச் சமிக்ஞை) கோப்பை மட்டும் பிரதி செய்தால், அளவீட்டு விவரங்கள் பக்கத்துக் கோப்பிலேயே தங்கிவிடுவதால் மென்பொருள் திறக்காது. புரூக்கரின் டொப்ஸ்பின் மென்பொருள் கல்வித்துறையினருக்கு இலவசம்; முதலில் அதைப் பழகுங்கள்.

குழாய்களைக் குரோமிக் அமிலத்தில் கழுவலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. கண்ணாடியில் ஒட்டும் பரகாந்தக் குரோமியம் பீக்குகளை அகலமாக்கும். அசற்றோனில் அலசி, தட்டையாகக் கிடத்தி உலரவிடுங்கள். அசற்றோன் முழுதாகப் போகாவிட்டால் அடுத்த மாதிரியில் 2.17இல் தெரியும்.