சின்ன ட்ரக்டருக்குக் கிளச் தட்டு மாற்றிய விதம்

அக்கரைப்பற்று வட்டையில் சேற்றுழவு. றோட்டவேற்றர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) மண்ணில் இறங்கியதும் எஞ்சின் முழங்கும், சில்லு உருளாது, கருகல் வாடை வரும். கிளச் பெடலின் பிறீ பிளேயை (கிளச் விலகத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) 25 மில்லிமீற்றருக்கு வைத்துப் பார்த்தேன், வழுக்கல் நிற்கவில்லை. அப்படியென்றால் தட்டு தேய்ந்துவிட்டது.

பற்றரி வயரைக் கழற்றி, முன் அச்சில் இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்கின பிறகுதான் ட்ரக்டரை எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே பிரிக்க வேண்டும். ஆப்பில்லாவிட்டால் எஞ்சின் பக்கவாட்டில் சாயும், ஆளை நசுக்கும்.

பழைய தட்டில் றிவெற் தலைகள் லைனிங்கோடு (தட்டின் உராயும் படை) சமமாக மினுங்கின. கீழ் ஓரத்தில் கறுத்த எண்ணெய்க் கசிவு. இதைக் கவனிக்காமல் புதுத் தட்டுப் போட்டால் அடுத்த போகத்துக்குள் அதுவும் வழுக்கும். அதனால் கிராங்குத் தண்டின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் சீல் வளையத்தையும் மாற்றினேன். எண்ணெய் ஊறின லைனிங்கைப் பெற்றோலில் கழுவிப் போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், சூடேறினால் எண்ணெய் திரும்பக் கசியும். பெடலை மிதிக்கும்போது கிளச்சை விலக்கும் றிலீஸ் பேரிங்கை விரலால் சுழற்றினேன், மணல் அரைபடுகிற சத்தம். அதுவும் புதுசு.

தட்டை நடுவாக்க, கடைசல் பட்டறையில் கடைந்த மரக்கோல் போதும். தட்டை எஞ்சினின் ஃபிளைவீலோடு (சுழல்சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேற்றின் போல்ற்றுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்பிளைனுக்கு (தட்டு ஏறும் கியர்ப்பெட்டித் தண்டின் பற்கள்) கிறீஸ் மெல்லிய பூச்சுத்தான். கூடினால் லைனிங்கில் தெறிக்கும்.

எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் திரும்பச் சேர்க்கும்போது கடைசி இரண்டு விரல் இடைவெளி மூடாவிட்டால் போல்ற்றால் இழுக்கவே கூடாது, தட்டின் நடு வளைந்துவிடும். ஃபிளைவீலை மெல்லத் திருப்பினால் பல் தானாக விழுந்து மூடும்.