லயத்து வாசலில் நின்று பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்ப்பது எப்படி? அந்நேரம் அங்கே என்ன வேலை நடக்கும்?

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு மாலை, கொட்டகலையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் அப்பாயியை நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தென்மேற்கே கை காட்டினேன். மலைக்கு மேலே வெள்ளையாக ஒரு வெளிச்சம் எழுந்து, சிமிட்டாமல், சத்தமில்லாமல் தலைக்கு மேல் வந்தது. "அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்க அப்பாயி, வேலை செய்றாங்க" என்றேன். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே, "அவங்களுக்குப் பிரட்டு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

35 வருஷம் கொழுந்து பறித்தவர் கேட்ட கேள்வி. பிரட்டு என்றால், தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பது. எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததில்தான் இந்த விளக்கம் பிறந்தது. தொலைநோக்கி வேண்டாம். ஒரு போன், திறந்த வானம், கடிகார நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்துக் கணக்குப் போடத் தெரிந்த தலை, இவ்வளவு போதும்.

முதல் படி: வரும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலி, அல்லது 'ஹெவன்ஸ் அபவ்' இணையதளம். இரண்டில் ஒன்று போதும். உங்கள் ஊரைக் கொடுங்கள். ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா என்று பக்கத்து டவுன் பெயர் கொடுத்தாலும் சரிதான். பிறகு, அது காட்டும் நேரம் இலங்கை நேரம்தானா என்று கட்டாயம் பாருங்கள். முதல் தடவை நான் இதைப் பார்க்கவில்லை. நமக்கு ஐந்தரை மணி பின்னால் வரும் கிரீன்விச் நேரத்தை நம் நேரமென்று நினைத்து, பனியில் முக்கால் மணி நேரம் நின்றேன்.

ஒவ்வொரு வருகைக்கும் அது எழும் நேரம், எழும் திசை, எட்டும் உயரம், மறையும் திசை எல்லாம் இருக்கும். தொடக்கத்தில் 40 பாகைக்கு மேல் (அடிவானம் 0, தலைக்கு நேர் மேலே 90) உயரும் வருகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதற்குக் கீழே போவதில் பலவற்றை மலை மறைத்துவிடும். பார்க்கப் போகும் அன்றைக்கே நேரத்தை மறுபடி சரிபாருங்கள். நிலையத்தை அவ்வப்போது எஞ்சின் தட்டி உயர்த்துவார்கள், கணக்கு சற்று மாறும். சில நாள் தொடர்ந்து நல்ல வருகைகள் இருக்கும், பிறகு பல நாள் ஒன்றுமே இருக்காது. அது வழக்கம்தான்.

இரண்டாம் படி: இடமும் திசையும்

தொழிற்சாலை விளக்குப் பக்கம் வேண்டாம். பிரட்டுக்களம், கோயில் முற்றம், விளையாட்டு மைதானம் நல்லது. கையை முழுக்க நீட்டி முஷ்டியைப் பிடித்தால், அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. எதிரே நிற்கும் மலை எத்தனை முஷ்டி உயரம் என்று பகலிலேயே அளந்து வையுங்கள். மஸ்கெலியா டவுனில் நின்றால் சிவனொளிபாதமலை மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்ந்து நிற்கும். 2,243 மீற்றர் மலைதான், ஆனாலும் அங்கிருந்து பார்த்தால் ஒரு முஷ்டிக்குள் அடங்கும். பக்கத்தில் நிற்கும் தேயிலை மலைதான் அதைவிட அதிகம் மறைக்கும்.

திசைக்கு ஒரு நல்ல பிடி உண்டு. நிலையம் எப்போதும் மேற்குப் பக்கமிருந்துதான் வரும். ஒன்று, தென்மேற்கில் எழுந்து வடகிழக்கே இறங்கும். இல்லையென்றால் வடமேற்கில் எழுந்து தென்கிழக்கே இறங்கும். கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வெளிச்சம் போனால் அது நிலையம் அல்ல. சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டினால் விமானம்.

வானம் எப்போது திறக்கும்? ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்குத் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் இங்கே ஒன்றும் தெரியாது; ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளை ஆட்களுக்கு அந்த மாதங்களில்தான் அதிர்ஷ்டம்.

மூன்றாம் படி: பாருங்கள்

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே வாருங்கள். டோர்ச்சை அணையுங்கள். வெள்ளி கிரகம் அளவுக்குப் பிரகாசமாக, நிதானமாக ஒரு புள்ளி நகரும். அதிகமாகப் போனால் ஆறு நிமிடம்.

நேர் மேலே வரும்போது அது நம்மிலிருந்து 400 கிலோமீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நம் நாட்டின் நீளமும் அதை ஒட்டித்தான் வரும். நாட்டையே தூக்கி நிமிர்த்தி வைத்தால் நுனி அங்கே தொடும். அந்த நீளத்தை அது ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும், நொடிக்கு 7.6 கிலோமீற்றருக்கு மேல் வேகம்.

அதன் சொந்த விளக்கு நமக்குத் தெரியாது. நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கிறது. அதன் பெரிய சூரியத் தகடுகளில் பட்டுத் தெறிக்கும் வெயிலைத்தான் பார்க்கிறோம். அதனால்தான் நடுச்சாமத்தில் தெரியாது. மாலையில் கிழக்கே இறங்கும்போது, மலையைத் தொடுவதற்கு முன்பே, சற்றுச் சிவந்து, மங்கி, அணைந்துபோகும். மேகம் மறைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பூமியின் நிழலுக்குள் போகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நொடியில்தான் சூரியன் மறைகிறது. 93 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பதால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 தடவை அவர்களுக்கு விடியும்.

நான்காம் படி: ஐந்தரையைக் கழியுங்கள்

16 தடவை விடிந்தால் எந்த விடியலுக்கு எழுந்திருப்பது? ஆகவே அவர்கள் சூரியனைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் நிலையம் என்பதால் அங்கே கிரீன்விச் நேரம். இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் அவர்களுடைய நேரம் கிடைக்கும்.

வேலை நாளில், அவர்கள் கடிகாரப்படி காலை 6 மணிக்கு எழுகிறார்கள். நமக்குப் பகல் 11.30. குளிக்க முடியாது, ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்து, அலசத் தேவையில்லாத ஷாம்புவால் தலையைத் துடைத்துக்கொள்வார்கள். ஏழரை மணியை ஒட்டி, நமக்குப் பகல் ஒரு மணி, பிரட்டு! ஹூஸ்டன், ஹன்ட்ஸ்வில், மியூனிக் பக்கம், ஜப்பானின் ட்சுகுபா, மாஸ்கோ என்று கட்டுப்பாட்டு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வானொலியில் வந்து, இன்றைக்கு யாருக்கு எந்த வேலை என்று பேசி முடிப்பார்கள். அப்பாயிக்கு நான் சொன்ன பதில் இதுதான். "யாருக்கு எந்த மலைன்னு சொல்ற மாதிரி" என்று அவரே முடித்துவிட்டார். வேலை முடிந்ததும் மாலையில் இன்னொரு தடவை பேசுவார்கள். நமக்கு அது நள்ளிரவை ஒட்டி வரும். படுப்பது 9.30க்கு, நம் நேரம் விடியற்காலை 3 மணி.

இப்போது உங்கள் வருகையைப் போட்டுப் பாருங்கள். மாலை 6.58க்குப் பார்த்தீர்களா? அங்கே பகல் 1.28. சாப்பாட்டு வேளையை ஒட்டிய நேரம். பாண் கொண்டுபோக மாட்டார்கள், தூள் உதிர்ந்து மிதந்து கண்ணுக்கும் கருவிக்கும் போகும்; நம் ரொட்டி போன்ற மெல்லிய டோர்ட்டியாதான். தேத்தண்ணியும் உண்டு. உலர்ந்த தூளாகப் பையில் அடைத்திருக்கும், வெந்நீரை ஏற்றி, உறிஞ்சு குழாயால் குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வியர்வையிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் சுத்திகரித்து எடுத்தது. 2023இல், இப்படி மீட்டெடுப்பது 98 வீதத்தை எட்டியது.

பிற்பகல் முழுக்க ஆய்வு, பழுது பார்த்தல், உடற்பயிற்சி. செடியும் வளர்க்கிறார்கள். அங்கே வளர்த்த சிவப்பு லெட்யூஸ் கீரையை 2015 ஆகஸ்ட்டில் சாப்பிட்டார்கள். தண்ணீர் கீழே இறங்காது, வேரைச் சுற்றி உருண்டையாக ஒட்டிக்கொண்டு மூச்சுத் திணறடிக்கும். களிமண் துணுக்கு நிரப்பிய பையில் வைத்து, திரி வழியாக அளந்து ஊற்றுவார்கள். செடி மண்ணோடு பழகிய நமக்கு இதன் கஷ்டம் சொல்லாமலே புரியும். நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான ராவணா-1ஐயும் 2019 ஜூன் 17 அன்று அங்கிருந்துதான், ஜப்பானியப் பகுதியான கிபோவிலிருந்து, வெளியே விட்டார்கள்.

உடற்பயிற்சி மட்டும் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எடை தெரியாத இடத்தில் காலுக்கு வேலையில்லை, எலும்பும் தசையும் கரையும். கூடை சுமந்து மலை ஏறி இறங்கும் ஒருவர் உடம்பு நாள் முழுக்கச் செய்வதை, அவர்கள் பட்டை கட்டி ஓடியும் இயந்திரத்தை இழுத்தும் செய்கிறார்கள். சனிக்கிழமை துப்புரவு. தூசி தரையில் விழாது, காற்றுத் துவாரத்தில் போய்ச் சேரும். அங்கேதான் உறிஞ்சி எடுப்பார்கள்.

காலை வருகைக்குக் கணக்கு வேறு. நம் 4.50க்கு அங்கே இரவு 11.20. நடுவானில் திடீரென்று ஒளிர்ந்து தோன்றும் அந்த வெளிச்சத்துக்குள், டெலிபோன் கூண்டு அளவு சின்ன அறைகளில், சுவரில் கட்டிய உறக்கப் பைக்குள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காற்றாடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விட்ட மூச்சு அங்கே தானாக விலகாது; முகத்தைச் சுற்றியே நிற்கும்.

ஐந்தாம் படி: எழுதி வையுங்கள்

பழைய கொப்பி ஒன்றில் ஐந்து கட்டம் போடுங்கள். திகதி, நம் நேரம், எழுந்த திசை, மறைந்த இடம், அவர்கள் நேரமும் வேலையும். எங்கள் வீட்டுக் கொப்பியில் இதுவரை 23 வரி இருக்கிறது, அதில் ஒன்பது 'பனி மூட்டம், தெரியவில்லை'. அந்த ஒன்பதிலும் கடைசிக் கட்டம் காலியாக இல்லை. நாம் பார்க்காவிட்டாலும் அவர்கள் வேலை நடக்குமே, எழுது என்று அப்பாயி சொல்லிவிட்டார்.