ஜிப்பிலிருந்து சிதறிய கோப்புகளை ஒன்றாகத் திரட்ட ‘உருவாக்கிய தேதி’

ஒரு ஜிப் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய காப்பகத்தை) தவறுதலாக, ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே விரித்துவிட்டால், விண்டோஸ் எக்ஸ்புளோரரில் விவரக் காட்சிக்கு மாறி, நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலது க்ளிக் செய்து, ‘உருவாக்கிய தேதி’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி வரிசைப்படுத்துங்கள். சற்றுமுன் வெளிவந்த கோப்புகள் பெரும்பாலும் ஒரே நேரத்தைத் தாங்கி அடுத்தடுத்து நிற்கும். முதல் கோப்பைத் தேர்ந்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கடைசிக் கோப்பை க்ளிக் செய்தால் அனைத்தும் தேர்வாகும்; பிறகு மொத்தமாக நீக்கிவிடலாம்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் ‘மாற்றிய தேதி’ இதற்கு உதவாது. ஜிப் வடிவம் அந்தத் தேதியைத் தன்னுள் சேமித்து வைத்திருப்பதால், 2009இல் எழுதப்பட்ட ஒரு ரீட்மீ (விளக்கக் குறிப்பு) கோப்பு இன்று விரித்தாலும் 2009 என்றே காட்டிப் பழைய கோப்புகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். உருவாக்கிய தேதியோ, அந்தக் கோப்பு உங்கள் வட்டில் முதன்முதலாக எழுதப்பட்ட கணத்தைக் குறிப்பது.

சில காப்பகங்கள் உருவாக்கிய தேதியையும் சேர்த்தே சேமிக்கின்றன. செவன்-ஜிப் போன்ற மென்பொருள்கள் அதை அப்படியே மீட்டுவைப்பதால், அங்கே இந்த வழி பலிக்காது. அதே பெயரில் முன்பே இருந்த துணை ஃபோல்டருக்குள் கலந்துவிட்ட கோப்புகளும் வெளியிலிருந்து தெரியமாட்டா. அந்த ஃபோல்டரைத் திறந்து தனியாக வரிசைப்படுத்த வேண்டும். மேலெழுதப்பட்ட பழைய கோப்பை எந்த வரிசையும் மீட்டுத் தராது என்பதால், விரிக்கும்போது ‘மாற்றியமைக்கவா’ என்ற கேள்வி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.