புறப்படும் முன் எழுதி வைக்கும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்க ராணுவத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர், வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி வைக்கிறார்கள். திரும்பி வராவிட்டால் மட்டும் பிரிக்க வேண்டிய கடிதம். புருண்டி, டார்ஃபூர் காலத்தில் நாங்கள் எழுதியவற்றில் இருந்த அதே கோளாறுகளைத்தான் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் என்னிடம் காட்ட வரும் இளையவர்களின் கடிதங்களிலும் பார்க்கிறேன். 2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் நடந்த சண்டையில் 13 பேர் போனார்கள். 2025 ஜனவரியில் கிழக்குக் காங்கோவில், கோமா, சாக்கே பக்கம் 14 பேர். அந்த உறையை நிஜமாகவே பிரிக்க வேண்டி வந்த வீடுகள் இந்த நாட்டில் இருக்கின்றன.

எழுத்துப்பிழை, முகாம் விவரம், மேலதிகாரியைத் திட்டுவது இதெல்லாம் கூடாதென்று உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி நேரத்தில் எழுதுவது

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கூடும் முகாமான, புளூம்ஃபொண்டெய்ன் பக்கத்து டி புருக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே மருத்துவப் பரிசோதனை, சாமான் வாங்குவது, பயிற்சி என்று பொழுது போய்விடும். ராத்திரி அசதியில் எழுதினால், வீட்டில் யாரிடமோ கடைசியாகப் போட்ட சண்டைதான் கடிதத்தில் வந்து நிற்கும். லீவில் வீட்டில் இருக்கும்போதே எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

சொத்து விவரத்தைக் கடிதத்துக்குள் எழுதுவது

இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்குக் கோபம் ஆறுவதில்லை. "அங்கிள், எல்லாத்தையும் இதிலேயே எழுதிட்டேன், தனியா உயில் வேண்டாம்" என்று பெருமையோடு நீட்டுகிறார்கள். மனைவிக்கு எழுதிய கடிதத்தின் நடுவில், வீடு அம்மாவுக்கு, கார் தம்பிக்கு, மற்றதெல்லாம் உனக்கு என்று நாலு வரி இருக்கும். ஒரே ஒரு கையெழுத்து, கடைசிப் பக்கத்தில். சாட்சி கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படி ஒரு கடிதம் இருந்தது. பையன் போன பிறகு மாமியார் அதைக் காட்டி வீடு எனக்கு என்றார். இது உயிலே இல்லை என்றார்கள் மருமகளின் அண்ணன்மார். அதுவரை ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட வீடு அது.

1953ஆம் வருஷத்து உயில் சட்டப்படி, ஒவ்வொரு பக்கத்திலும் உயில் எழுதுபவரின் கையெழுத்து இருக்க வேண்டும், எழுத்து முடிகிற இடத்திலும் இருக்க வேண்டும். 14 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருக்கும்போது அது நடக்க வேண்டும், அவர்களும் போட வேண்டும். இதில் குறை இருந்தால் இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் அதை அப்படியே ஏற்காது. இறந்தவர் இதைத் தன் உயிலாகவே நினைத்து எழுதினார் என்று நீதிமன்றத்தில் மனு போட்டு நிரூபித்தால் ஏற்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் வக்கீல் வைக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாலு வரி முடிவா, வெறும் ஆசையா என்று அந்நியர்கள் வாதாடுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நான் சொன்ன அந்த மருமகளுக்கு நடந்தது இதுதான். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவில் அவளை முதலில் பார்த்ததைப் பற்றி அவன் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். அவள் மட்டும் படிக்க வேண்டிய பக்கம். அதை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பக்கத்து வக்கீலுக்கும் கொடுத்தார்கள், மாமியார் வீட்டார் எல்லோரும் படித்தார்கள். அசல் கோப்புக்குள் போய்விட்டது. புருஷன் கையால் எழுதியது போய், அவளிடம் மிஞ்சியது மங்கலான நகல். சொத்துப் பிரச்சினை எப்படியோ ஒரு வழியாக முடிந்தது. மாமியாரும் மருமகளும் இன்றுவரை பேசுவதில்லை.

உயிலைத் தனித்தாளில் எழுதுங்கள். 16 வயது ஆன யாரும் எழுதலாம். சாட்சிகள் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை, நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் போதும். உங்கள் பட்டாலியனிலேயே இரண்டு பேர் கிடைப்பார்கள். சொத்தில் பங்கு பெறுகிறவரையோ அவரது கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள், பங்கே போய்விடக்கூடும். உயிலை நிறைவேற்ற ஒருவர் பெயரையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

உயிலே எழுதாமல் விட்டால் 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பங்கு பிரியும். மனைவியோ பிள்ளையோ இருந்தால் பெற்றோருக்கு அதில் ஒன்றும் வராது. அம்மாவை நீங்கள்தான் வைத்துக் காப்பாற்றுகிறீர்கள் என்றால் இதை நன்றாக யோசியுங்கள். இன்னொன்று, கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாமல் இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. சமய முறைப்படி மட்டும் நடந்த இந்துத் திருமணத்தில் உயிரோடு இருக்கும் துணையும் அந்தச் சட்டத்தின்படி வாரிசுதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஆனால் கல்யாணம் நடந்ததென்று நிரூபிக்கும் அலைச்சல் அவள் தலையில்தான் விழும். கிளம்பும் முன் பதிவு செய்துவிடுங்கள்.

அரசு ஊழியர் பென்ஷன் ஃபண்டுக்குத் தனிப் படிவம் இருக்கிறது, டபிள்யூபி 1002. அதில் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மா பெயரை எழுதிவிட்டு, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகும் அதைத் தொடாதவர்கள் ஏராளம்.

இத்தனையும் முடித்த பிறகு கடிதத்தை எடுங்கள். அப்போது அதில் பணம் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்காது.

கூட வரும் நண்பனிடம் கொடுப்பது

அவனும் அதே வண்டியில்தான் ஏறுவான்.

போனில் மட்டும் வைத்திருப்பது

பூட்டிய போனை யார் திறப்பது? தாளில் எழுதுங்கள்.

சின்னப் பையன் தலையில் குடும்பத்தைக் கட்டுவது

"இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பார்த்துக்கணும்." பத்து வயதுப் பிள்ளைக்கு அப்பாக்கள் எழுதும் வரி இது. பாசத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் செத்துப்போன அப்பாவின் வார்த்தையை அந்தப் பிள்ளை எதிர்த்துப் பேச முடியாது. இப்படி ஒரு வரிக்காகப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன பையனை நான் பார்த்திருக்கிறேன். அம்மா எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை. பிள்ளையை நன்றாக விளையாடச் சொல்லுங்கள், அம்மா பேச்சைக் கேட்கச் சொல்லுங்கள். குடும்பப் பொறுப்பை உங்கள் அண்ணனிடமோ மச்சானிடமோ நேரில் ஒப்படையுங்கள்.

நாலு வயதுக் குழந்தைக்கு எழுதினால், அதை அவள் பதினாலு வயதிலும் எடுத்துப் படிப்பாள் என்பதை மனதில் வையுங்கள். உங்கள் சின்ன வயதுக் கதை ஒன்று, அவள் பிறந்த அன்று என்ன நடந்தது, அவளுக்கு அந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள், இப்படி அவள் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததை எழுதுங்கள்.

ஆயாவால் படிக்க முடியாத கடிதம்

இங்கே இளையவர்களில் பலருக்குத் தமிழ் பேச்சில் கொஞ்சம் வரும், எழுத வராது. ஆயாவுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதினால் பேரன் பேத்தி யாராவது படித்துச் சொல்ல வேண்டும். அழுதுகொண்டே படிக்கும் ஒருவர் வாயிலிருந்து அது அரைகுறையாகத்தான் அவர் காதில் விழும். அவருக்கு உங்கள் குரலில் பேசிப் பதிவு செய்துவையுங்கள். உடைந்த தமிழாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் கேட்டு வளர்த்த குரல் அது. ஒரு மெமரி ஸ்டிக்கில் போட்டு, அக்கா வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

சடங்கு விருப்பத்தை உறைக்குள் மூடிவைப்பது

எரிப்பதா புதைப்பதா, தேவாரம் யார் ஓதுவது, ராணுவ மரியாதை வேண்டுமா என்பதையெல்லாம் கடிதத்தில் எழுதுகிறார்கள். பல வீடுகளில் கருமாதி முடிந்த பிறகுதான் உறையையே தொடுவார்கள். புதைத்த பிள்ளை எரிக்கச் சொல்லியிருந்தான் என்று அன்றைக்குத் தெரிந்தால் அந்த அம்மா என்ன பாடுபடுவாள்? இதை இப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மா காதைப் பொத்திக்கொண்டால் அப்பாவிடம், அவரும் கேட்க மாட்டார் என்றால் மாமாவிடம்.

பதினாறாம் நாள் பிரியுங்கள் என்று உறை மேல் எழுதுவதும் வேண்டாம். 2025 ஜனவரிக் கடைசியில் காங்கோவில் இறந்தவர்களின் உடல்கள் வாட்டர்குளூஃப் விமானப்படைத் தளத்துக்கு வந்தது பிப்ரவரி 13ஆம் தேதி. இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, காரியம் நடந்த நாளிலிருந்து எண்ணுவதா என்று அங்கேயும் ஒரு வாக்குவாதம் வரும். உறை மேல் பெயரை எழுதுங்கள், போதும். எப்போது பிரிப்பதென்று அவர்களுக்கே தெரியும்.

பழைய கடிதம்

ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எழுதுங்கள். முந்தியதை நீங்களே வாங்கிக் கிழித்துப் போடுங்கள், அடுத்தவரிடம் அந்த வேலையைச் சொல்லாதீர்கள்.