பறவை நோக்கப் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்பாக்கியும் தூண்டிலும் இல்லாமல் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் பொழுதைக் கழிக்க விரும்புவோருக்குப் பறவை நோக்குதலைப் போல எளிதில் கைகூடும் பொழுதுபோக்கு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. பெரிய செலவில்லை, வயது வரம்பில்லை, ஊருக்கு வெளியே ஒரு கண்மாய் இருந்தால் போதும். ஆயினும், பார்ப்பதால் பறவைக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்ற எண்ணத்தோடு புறப்படுவதாலேயே பலர் சில தவறுகளைச் செய்கிறார்கள். அவற்றுள் சில நம் பார்வையை மட்டும் கெடுப்பவை; வேறு சில பறவையின் உயிரோடு விளையாடுபவை.

முதல் வகையில் வருவது பைனாகுலர். உருப்பெருக்கம் கூடக் கூட நல்லது என்று நினைத்து இருபது மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை வாங்கினால், கையின் சிறு நடுக்கமும் இருபது மடங்காகப் பெருகி, மரத்தில் இருப்பது மைனாவா மாம்பழச்சிட்டா என்பதே விளங்காமல் போகும். 8x42 என்று குறிக்கப்பட்ட கருவியே, அதாவது எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்டதே, தொடக்கக்காரருக்குப் போதுமானது. வெளிச்சம் மங்கிய விடியலிலும் அது தெளிவாகக் காட்டும். வாங்கியபின் வலக்கண் வில்லையருகே இருக்கும் திருகு வளையத்தைத் தம் பார்வைக்கேற்பச் சரிசெய்யாமலே ஆண்டுக்கணக்கில் மங்கலாகப் பார்த்துவிட்டுக் கருவியைக் குறைசொல்வோரும் உண்டு. சூரியனை அதன் வழியாக ஒருபோதும் பார்க்கலாகாது.

அடுத்தது காலமும் இடமும். வேடந்தாங்கலுக்கு நண்பகலில் போய்ச் சேர்ந்து, நீர்க்கடம்பு மரங்களில் வெயிலுக்கு ஒடுங்கி நிற்கும் பறவைகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று திரும்புகிறவர்கள் பலர். நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில், விடிந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளோ, இரைதேடப் போன நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டங்கூட்டமாக மரங்களுக்குத் திரும்பும் மாலையிலோ செல்வதே முறை. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகளும் குறைவாகவே வரும் என்பதால், நீர்நிலவரத்தைக் கேட்டறிந்தபின் புறப்படுவது நல்லது. கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்கத் தவறினால் எல்லாப் பறவையும் கருநிழலாகவே தோன்றும். உடையின் நிறத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். பறவையை விரட்டுவது பெரும்பாலும் நிறமன்று, திடீர் அசைவும் உரத்த பேச்சுமே.

இரண்டாம் வகைத் தவறுகளுள் மிகக் கொடியது கூட்டை நெருங்குவது. புகைப்படக் கருவிகள் மலிந்துவிட்ட இக்காலத்தில், தாய்ப்பறவை இரையூட்டும் காட்சிக்காக மறைக்கும் கிளைகளை ஒடிப்பதும், கூட்டினருகே மணிக்கணக்கில் நிற்பதும் வழக்கமாகி வருகின்றன. மறைப்பு நீங்கிய கூட்டைக் காகமும் வல்லூறும் எளிதில் கண்டுகொள்ளும். ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. கடும் வெயிலில் அது முட்டைகளுக்கு நிழல் தருவதோடு, வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கவும் செய்கிறது. நாம் அங்கேயே நின்றால் அது தலைக்குமேல் கத்திக்கொண்டு வட்டமிடுமே தவிர முட்டையருகே வராது. அந்த நேரத்தில் முட்டைகள் வெந்து போகக்கூடும். இதை வெறும் நாகரிகக் குறைவென்று சட்டம் விட்டுவிடவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்பதற்குள்ளேயே அடக்குகிறது. கூடுள்ள பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமலிருக்கும் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்களுக்கு இந்தச் சட்டப்பிரிவை யாரும் ஓதிக் காட்ட வேண்டியதில்லை. அத்தகைய ஊர்களுக்கு விருந்தினராகச் செல்லும் நமக்குத்தான் அது நினைவில் இருக்க வேண்டும்.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வலசை வரும் தோட்டக்கள்ளன், காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறுமணிக்குக் குரல்கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர்பெற்றது. புதருக்குள் ஒளிந்து திரியும் அதைக் காண ஆசைப்பட்டு ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால், தன் இடத்துக்கு வேறொரு பறவை போட்டிக்கு வந்துவிட்டதாக எண்ணி, இரைதேட வேண்டிய நேரத்தை அது அலைக்கழிவதிலேயே செலவழிக்கும். ஆந்தை அடையும் மரத்தைத் துல்லியமான இடக்குறிப்போடு சமூக ஊடகத்தில் வெளியிடுவதும் கூடாது. மறுநாளே அங்கே கூட்டம் சேர்ந்துவிடும்.

இனங்காண்பதில் நேரும் தவறுகள் மன்னிக்கத்தக்கவை, ஆனால் திருத்திக்கொள்ள வேண்டியவை. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே கொக்கு அன்று. சின்ன வெள்ளைக்கொக்கின் அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள்; உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சள், இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் கொள்ளும்; பெரிய வெள்ளைக்கொக்கின் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னே செல்லும். நிறத்தை மட்டும் பாராமல் அலகு, கால், பறக்கும் விதம், இரைதேடும் முறை ஆகியவற்றைக் கண்டு, பறவை பறந்து போவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். குரலைக் கேட்டுப் பெயர்சொல்லும் மெர்லின் செயலி பெரிதும் உதவும். எனினும் பிற பறவைகளின் குரலை அப்படியே பாடிக்காட்டும் துடுப்புவால் கரிச்சான் உள்ள காட்டில் அது சொல்வதையெல்லாம் நம்பிவிடலாகாது. கண்ணால் காணாததைச் செயலியின் சொல்லை மட்டும் நம்பி, நாம் கண்ட பறவைகளின் பட்டியலில் ஏற்றுவது சரியன்று.

அந்தப் பட்டியலில் அரிய பறவைகளை மட்டும் எழுதி, காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுவது அனுபவம் மிக்கவர்களிடமும் காணப்படும் குறை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023இல் வெளியான அறிக்கை, 942 இனங்களை மதிப்பிடுவதற்குப் பறவை நோக்குவோர் தாம் கண்டவற்றைப் பதியும் இபேர்ட் என்ற இணையதளத்தில் பொதுமக்கள் இட்ட பட்டியல்களையே முதன்மையாக நம்பியிருந்தது. அன்றாடப் பறவைகள் விடுபட்ட பட்டியல்களிலிருந்து அவை பெருகுகின்றனவா அருகுகின்றனவா என்பதை யாராலும் கணக்கிட இயலாது. பொங்கலையொட்டி நான்கு நாள் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்வோர், பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் எண்ணிக்கையோடு பதிவுசெய்ய வேண்டும். எந்தக் கொக்கு என்று உறுதியாகத் தெரியாவிட்டால், இனப்பெயரை ஊகித்து எழுதாமல், ‘கொக்கு’ என்று பொதுவாகக் குறிப்பதற்கும் இபேர்ட் தளத்தில் இடமிருக்கிறது.