ஈஆர்பி வாங்கும் முன் போடும் கணக்கில் நடக்கும் தவறுகள்

போன வாரம் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த அக்கவுண்டன்ட் தம்பி, ஈஆர்பி (கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) வாங்கலாமா என்று எக்செல்லில் கணக்குப் போட்டுக் காட்டினார். 12 வருடத்துக்கு முன் நான் போட்ட அதே கணக்கு, அதே தப்பு. மூன்று கொட்டேஷன் வாங்குவதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

மிச்சமாகும் நேரத்தைப் பணமாக எழுதுவது

ஸ்டோர்ஸில் 4 பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய். வருடத்துக்கு 4,80,000. சாஃப்ட்வேர் வந்தால் பாதி வேலை குறையும், ஆக 2,40,000 மிச்சம். போட்ட 7,20,000 மூன்றே வருடத்தில் திரும்பிவிடும். இப்படி எழுதித்தான் அன்று முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன்.

ஒரு வருடம் கழித்துச் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் அதே 4 பேர், கூடவே ஒரு டேட்டா என்ட்ரி ஆள். ஒரே நூல் '30 கோம்டு', 'கோம்டு 30', 'காட்டன் 30' என்று மூன்று பெயரில் ஏறியிருந்தது. இருப்பு ஒத்துப்போகவே இல்லை. அதனால் நூல் இறங்கியதும் முதலில் நோட்டில் எழுதி, அப்புறம்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். முதலாளி திட்டவில்லை. "அந்த 2,40,000 எங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆளுக்கு அரை மணி நேரம் மிச்சமானால் சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஓவர்டைம் குறைந்தால், எடுக்கவிருந்த ஆளை எடுக்காமல் விட்டால், அதுதான் பணம். ஆனாலும் விற்க வருபவர்கள் இன்றும் இந்த வரியைத்தான் முதலில் காட்டுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

தேங்கிக் கிடக்கும் நூலின் மதிப்பு, கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பிய சரக்கின் கூலி: இந்த இரண்டையும் பழைய லெட்ஜரில் இருந்து எடுங்கள். இவை எவ்வளவு குறையும் என்று பாருங்கள். லாபம் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

முதல் வருடச் செலவோடு நிறுத்துவது

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்), சர்வர், பயிற்சி எல்லாம் சேர்த்து 5 வருடத்துக்குக் கூட்டுங்கள்.

நம் வழக்கத்துக்கெல்லாம் மென்பொருளை வளைப்பது

ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2011-இல் தொடங்கிய சாப் (SAP) ஈஆர்பி மென்பொருள் திட்டத்தை 2018-இல் கைவிட்டது. ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவானதாகச் செய்திகள் வந்தன. இருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிடும் தங்கள் வழக்கத்துக்காக மென்பொருளை மாற்றப் போனதும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாக விலை வாங்கிப் பாருங்கள்; பாதி ஆசை அங்கேயே போய்விடும்.

டெமோவை நம்புவது

உங்கள் டேட்டாவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு கணக்கைத் திறக்காமல் விடுவது

6 மாதத்திலும் 12 மாதத்திலும் அதே எக்செல்லைத் திறந்து, பக்கத்துக் கட்டத்தில் நடந்ததை எழுத வேண்டும். யார் எழுதுவது, எந்தத் தேதியில் என்பதை முதலாளி கையெழுத்துப் போடும் தாளிலேயே குறித்துவிடுங்கள்.