இன்ஜின் ஆயில் அதிகமா ஊத்திட்டீங்களா? வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

வீட்டு வாசல்லயே ஆயில் மாத்திட்டு டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற கம்பி, அதுல மேல் கோடு கீழ் கோடுன்னு ரெண்டு இருக்கும்) உருவிப் பார்த்தா ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ரொம்ப மேல நிக்குது. உடனே "ஓட்டினா எரிஞ்சு குறைஞ்சிடும் விடு"ன்னு பக்கத்துல நிக்குற யாராவது ஒருத்தர் சொல்லுவாரு. அதை மட்டும் கேட்காதீங்க. ஸ்டார்ட் பண்ணாத வரைக்கும் இது வெறும் அரைமணி நேர வேலை, அதிகமா இருக்குறத வெளிய எடுத்துட்டா முடிஞ்சுது, ஓட்டுனதுக்கு அப்புறம்தான் செலவு கூடிக்கிட்டே போகும்.

எங்க வீட்டு வண்டி 1200 சிசி பெட்ரோல் கார், ஃபில்டரோட சேர்த்து 3.1 லிட்டர்னு மேனுவல்ல போட்டிருக்கு, ஆனா கடையில நமக்குக் கெடைச்ச கேன் 3.5 லிட்டர். ஒருதடவ ஷெட்டுல விட்டப்போ முழு கேனையும் கவுத்துட்டாங்க. அவங்களையும் முழுசா குறை சொல்ல முடியல, ஏன்னா மிச்சம் வெச்சா கஸ்டமர் "மீதி ஆயில் எங்கப்பா"ன்னு சந்தேகமா கேட்குறாரு, அதனால காசு குடுத்து வாங்குனது மொத்தத்தையும் உள்ள ஊத்தி காலி கேனக் காட்டுற பழக்கம் நெறைய எடத்துல வந்துடுச்சு. நானும் செக் பண்ணாம அப்படியே சேலத்துல இருந்து ஏற்காடு ஏறிட்டேன், 20 கொண்டை ஊசி வளைவு, பாதி மலையிலயே ஆயில் கருகுற வாசனை, பின்னாடி நீலப் புகை. மேல போய் நிறுத்தி ஆறவிட்டுப் பார்த்தா டிப்ஸ்டிக்ல ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரக்கடை மேல. அங்கேயே மெடிக்கல் ஷாப்ல சிரிஞ்ச் வாங்கி உறிஞ்சி எடுத்ததுல அரை லிட்டர் தண்ணி பாட்டில் கிட்டத்தட்ட நெறைஞ்சிடுச்சு.

சரி, முதல்ல அளவு சரியாத்தான் பாக்குறோமான்னு உறுதி பண்ணுங்க, ஏன்னா பாதிப் பேருக்கு ஆயில் அதிகமாவே இருக்காது, பார்த்த விதம்தான் தப்பா இருக்கும். வண்டி சமதளத்துல நிக்கணும், ஜாக்கி மேலயோ சரிவுலயோ நிக்கக் கூடாது. இன்ஜின் ஓடியிருந்தா அணைச்சுட்டு ஒரு 5ல இருந்து 10 நிமிஷம் விடுங்க, மேல இருக்குற ஆயில் கீழ சேம்பருக்கு (ஆயில் தேங்குற தொட்டி) எறங்கட்டும் (சில கம்பெனி வண்டிக்கு ஆறின இன்ஜின்லதான் பாக்கணும், மேனுவல்ல என்ன சொல்லியிருக்கோ அதான் கணக்கு). டிப்ஸ்டிக்க ஒருதடவ உருவி சுத்தமா தொடைச்சுட்டு, முழுசா உள்ள சொருகி மறுபடி எடுத்துப் பாருங்க. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுலயும் பாருங்க, குழாயோட சுவர்ல இருக்குற ஆயில் ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டு மேல காட்டும், ரெண்டுல எது கம்மியா இருக்கோ அதை எடுத்துக்குங்க.

இன்னொன்னு, ஃபில்டரும் புதுசா மாட்டி இன்னும் ஒருதடவ கூட ஸ்டார்ட் பண்ணலன்னா ஃபில்டர் காலியா இருக்கும். அது நெறைய வண்டியில 200, 300 மில்லி வரைக்கும் இழுத்துக்கும். அதனால மேல் கோட்டுக்கு ஒரு ரெண்டு மில்லிமீட்டர் மேல இருந்தா பயப்படாதீங்க, ஒரு நிமிஷம் ஐடில்ல ஓட்டி அணைச்சு காத்திருந்து பார்த்தா எறங்கியிருக்கும். விரக்கடை அளவு மேல நின்னா மட்டும் ஸ்டார்ட் பண்ணவே வேணாம்.

எவ்வளவு அதிகம்னு ஒரு குத்துமதிப்பு கணக்கு போட்டுக்கலாம். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எத்தனை லிட்டர்னு சில மேனுவல்ல இருக்கும், நெறைய கார்ல கிட்டத்தட்ட 1 லிட்டர், சின்ன இன்ஜின்ல கம்மி. ஸ்கேல் வெச்சு அந்த இடைவெளிய அளந்துக்குங்க, 20 மில்லிமீட்டருக்கு 1 லிட்டர்னா ஒரு மில்லிமீட்டருக்கு 50 மில்லி. 6 மில்லிமீட்டர் மேல நின்னா 300 மில்லி அதிகம், இவ்வளவுதான். என் கணக்குல 100 மில்லி கூட இருந்தா தூக்கம் கெட வேண்டாம், 300ஐ தாண்டினா எடுத்துடணும், அரை லிட்டர்ல இருந்து மேல போனா வண்டிய நகர்த்தவே கூடாது.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஆயில் தேங்கி நிக்குற சேம்பருக்கு மேலதான் கிராங்க் (பிஸ்டன் மேல கீழ போறதை சுத்துறதா மாத்துற தண்டு) சுத்துது. சரியான அளவுல ஆயில் அதுக்குக் கீழயே இருக்கும். அதிகமாச்சுன்னா கிராங்க் ஆயிலுக்குள்ள போய் அடிக்கும், மோர் கடையுற மத்து மாதிரி நிமிஷத்துக்கு 2000, 3000 தடவ சுத்தி நுரையாக்கிடும். பம்ப் அந்த நுரையத்தான் இழுக்கும், நுரைன்னா பாதி காத்து, காத்தால பேரிங்கக் காப்பாத்த முடியாது. அதாவது ஆயில் அதிகமா இருந்தும் ஆயில் இல்லாத வண்டி மாதிரி தேய்மானம் வரும், ஆயில் லைட் கூட எரியலாம். மிச்சம் ஆவியோட ஆவியா பிரீத்தர் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவி வெளிய போற குழாய்) வழியா காத்து உள்ள போற இன்டேக்குக்குப் போய் எரியும், அதான் நீலப் புகை. அது பிளக்கையும் கெடுக்கும், நாளாக ஆக சைலன்சர்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும், அதோட விலைய ஒருதடவ கடையில கேட்டுப் பாருங்க.

டீசல் வண்டின்னா இன்னும் ஜாக்கிரதை. பிரீத்தர் வழியா போற ஆயிலையே டீசல் மாதிரி எரிச்சு இன்ஜின் தானா ரேஸ் ஆக ஆரம்பிச்சா சாவிய அணைச்சாலும் நிக்காது. மேனுவல் கியர்னா டாப் கியர் போட்டு பிரேக்க முழுசா அழுத்திக்கிட்டு கிளட்ச விட்டு ஆஃப் பண்ணணும், அது முடியலன்னா எல்லாரும் எறங்கி தள்ளிப் போயிடுங்க.

இப்ப வெளிய எடுக்குற வேலை. எனக்குப் புடிச்சது சிரிஞ்ச் வழிதான், வண்டிக்கு அடியில போகவே வேணாம். மெடிக்கல் ஷாப்ல 50 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு, குளுக்கோஸ் ஏத்துற டியூப் ஒண்ணு வாங்குங்க, இல்லன்னா மீன் தொட்டிக்குக் காத்து போற டியூப், டிப்ஸ்டிக் ஓட்டைக்குள்ள நுழையுற எதுவும் சரி. இன்ஜின் லேசா வெதுவெதுப்பா இருந்தா ஆயில் சுலபமா வரும், கொதிக்குற சூட்டுல பண்ணாதீங்க, டியூப் எளகிடும், கையும் வெந்துடும். டிப்ஸ்டிக்க எடுத்துட்டு அதோட நீளத்துக்கு டியூப்ல பேனாவால ஒரு கோடு போட்டுட்டு உள்ள விடுங்க, அந்தக் கோடு வரைக்கும் போனாப் போதும். டியூப் சிரிஞ்ச்ல நல்லா இறுக்கமா சொருகியிருக்கணும், உள்ள கழண்டு விழுந்தா வேற வேலை வந்துடும். மெதுவா இழுத்து ஒரு பாட்டில்ல விடுங்க, அளவு தெரியுற பாட்டிலா இருந்தா நல்லது. பொறுமை வேணும், 400 மில்லிக்கு எட்டுத் தடவ இழுக்கணும். நடுவுல ரெண்டு நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்க. வாயால மட்டும் உறிஞ்சாதீங்க, தயவு செஞ்சு.

டியூப் நுழையலன்னா, ஃபில்டர் கைக்கு எட்டுற எடத்துல இருந்தா அதைக் கழட்டி உள்ள இருக்குற ஆயிலக் கொட்டிட்டு ரப்பர் ரிங்குல லேசா ஆயில் தடவி திரும்ப மாட்டலாம், நெறைய வண்டியில 200, 300 மில்லி வரைக்கும் குறைஞ்சிடும். கடைசி வழி கீழ டிரெயின் போல்ட். அதை லேசா லூஸ் பண்ணி ஒழுக விட்டு இறுக்கலாம், ஆனா ஒரு சுத்து அதிகமாப் போனா மொத்தமும் கொட்டும், சேம்பர் அலுமினியமா இருந்தா மரை போற அபாயமும் இருக்கு. அடியில போறதா இருந்தா ஸ்டாண்டு குடுத்துட்டுப் போங்க, வெறும் ஜாக்கிய நம்பியோ செங்கல்லு அடுக்கியோ யாரும் தலைய உள்ள விடாதீங்க.

நீங்க அளவாத்தான் ஊத்துனீங்க, ஆனாலும் ஏறியிருக்குன்னா வேற காரணம் தேடணும். ஆயில்ல பெட்ரோல் வாசனை அடிச்சா எரிபொருள் கலக்குது. பால் காபி மாதிரி வெளுத்திருந்தா கூலன்ட் தண்ணி உள்ள போகுது, வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. பிஎஸ் 6 டீசல்ல டிபிஎஃப் (புகையில இருக்குற கரிய புடிச்சு வைக்கிற ஃபில்டர்) சுத்தம் பண்றதுக்கு அதிகமா அடிக்குற டீசல் கொஞ்சம் சேம்பருக்கு எறங்கும், தெனமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுறவங்களுக்கு லெவல் தானா ஏறும், அதுக்கு உறிஞ்சி எடுக்குறது தீர்வு இல்ல, ஆயிலயே மாத்தணும். இன்னொரு கொடுமை, கியர் பாக்ஸ் போல்ட்டும் இன்ஜின் போல்ட்டும் கீழ பக்கத்துல பக்கத்துல இருக்குற வண்டியில தப்பா கியர் ஆயில எறக்கிட்டு இன்ஜின்ல புது ஆயில ஊத்திடுவாங்க. லெவல் கன்னாபின்னான்னு மேல நின்னு, ஆயிலும் கருப்பாவே இருந்தா இதத்தான் முதல்ல சந்தேகப்படணும், கியர் பாக்ஸ் காலியா இருக்கும், ஒரு அடி கூட ஓட்டக் கூடாது.

அடுத்த தடவ ஊத்தும்போது கேன் சைஸ மறந்துடுங்க. பழைய ஆயில் சொட்டுச் சொட்டா நிக்குற வரைக்கும் ஒரு 15 நிமிஷம் எறங்க விடுங்க, அவசரத்துல போல்ட்ட மூடினா உள்ள மிச்சம் நிக்கும், அதுவும் கணக்குல சேரும். மேனுவல்ல போட்ட அளவுல அரை லிட்டர் கம்மியா ஊத்துங்க, ஒரு நிமிஷம் ஓட்டி அணைங்க, காத்திருந்து பாருங்க, அப்புறம் 100 மில்லி 100 மில்லியா ஏத்துங்க. மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழயே நிறுத்திக்கலாம், ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எங்க இருந்தாலும் இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. ஷெட்டுல விட்டாலும் பக்கத்துல நின்னு "அண்ணே மீதிய கேன்லயே குடுத்துடுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, அவங்களுக்கும் நிம்மதி.

மிஞ்சுன புது ஆயில மூடி இறுக்கி தேதி எழுதி வெச்சா டாப்-அப்புக்கு ஆகும். உறிஞ்சி எடுத்ததுல பழசோட சாயல் இருந்தா திரும்ப ஊத்தாம பழைய ஆயிலோட சேர்த்து ஷெட்டுல குடுத்துடுங்க, அங்க பேரல்ல சேர்த்து ரீசைக்கிள் பண்றவங்களுக்குப் போகும். சாக்கடையில ஊத்துறதும், கரையானுக்குன்னு வாசக்கால்ல பூசுறதும் வேணாம், கைய சோப்பு போட்டு நல்லா கழுவிடுங்க.